நாற்பதாவது வளைவுக்கு அப்பால்

மலையில் குடியிருப்பவர்களைக் கண்டால் சமவெளி ஜனங்களுக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. “உங்களுக்கென்ன ஐயா! குளிர்ந்த காற்று, தெளிந்த தண்ணீர், சந்தடியில்லாத சாந்தி!” என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். கோடை விடுமுறைக்கு நாம் பொள்ளாச்சியில் வந்து இறங்கும்போதெல்லாம் இதைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. மறுத்துச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒப்புக்கொண்டாலோ அது முழு உண்மையாகாது. ஆகையால், வால்பாறை மலையில் குடும்பத்துடன் பதினோரு வருஷம் வாசம் செய்ததில் சாந்தி என்பது நமக்கு எவ்வளவு கிடைத்தது, எந்த ரூபத்தில் கிடைத்தது, யார் கொடுத்த விலையில் கிடைத்தது என்பதை இங்கே சொல்லிவிடலாமென்று உத்தேசம்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை ஏற்றம் ஆரம்பிக்கிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதி வைத்திருக்கும் புண்ணியவானை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பிரயாணிகள் நன்றியுடன் நினைத்துக்கொள்வார்கள். இன்னும் எத்தனை பாக்கி என்று கணக்குப் பார்க்க அது உதவுகிறதல்லவா? ஒன்பதாவது வளைவுக்கு அருகில் பாறைகளின்மேல் சில வேளை வரையாடுகள் நிற்கும். சங்கப் புலவர்கள் ‘வருடை’ என்று பாடிய பிராணி இதுதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. நாம் முதன்முதல் மலையேறிய அன்று, செங்குத்தான பாறையின் விளிம்பில் நான்கு கால்களையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓர் ஆடு சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸிற்குள்ளே கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்த நமக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

நாற்பதாவது வளைவுக்கு அப்பால் உலகம் முழுதும் பச்சை. கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. நடுநடுவே, வழித்த தலையில் குடுமி வைத்தாற்போல் துண்டு துண்டாகச் சோலைக் காடுகள். இப்பீடபூமியின் விஸ்தீரணம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்தின் காடுகளும் அரண்போல் நிற்கின்றன.

முதல் நாள் இரவு சாந்தியை எதிர்பார்த்துப் படுத்தோம். அப்பப்பா, என்ன சத்தம்! தகரக் கூரையின்மேல் மழை கொட்டு மேளம் கொட்டியது. மழை ஓய்ந்ததும் தவளைகள் ஆரம்பித்தன. தவளைகள் ஓய்ந்த பின் சரிவிலிருந்து நாய் குரைப்பது போல் ஒரு குரல் விட்டுவிட்டு வந்தது. அது நாயல்ல, கேளையாடு என்றும், ஏதோ ஒரு பெரிய மிருகத்தின் வாடை பட்டால்தான் அது அப்படிக் கத்தும் என்றும் மறுநாள் தெரிந்துகொண்டோம். முதல் இரவே தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத இன்று மலையில் இருந்திருப்போமா என்பது சந்தேகம்.

விடியற்காலையில் யாரோ ஒருவன் வீட்டுப் பின்புறம் சீட்டியடித்துக்கொண்டு போனான். ராகமும் இல்லை, தாளமும் இல்லை; ஆரம்பித்த இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் சம்பந்தமில்லை; ஆனால் கேட்க மனோகரமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுத் திரியும் பையன்தான் இப்படி விட்டேற்றியாகச் சீட்டியடிப்பான் என்பது வாத்தியார்களுக்குத் தெரிந்த விஷயம். கையும் களவுமாகப் பிடித்துவிட எண்ணிக் கதவைத் திறந்தோம். ஓடைக்கரைக் கல்லின்மேல் கருநீல நிறத்தில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது! சீகாரப் பூங்குருவி என்று அதற்குப் பெயர். ‘சீட்டியடிக்கும் பள்ளிச் சிறுவன்’ என்று வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயரைப் பின்னால் புத்தகத்தில் படித்தபோது, தேசம் எதுவானாலும் பள்ளிப் பையன் ஒரே ஜாதிதான் என்று நினைத்துக்கொண்டோம்.

மலைக்குப் போனால் ரிஷிகளைக் காணலாம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நாமும் ஒருவரைக் கண்டோம். கறுத்த மேனி, முகத்தைச் சுற்றிலும் நரைத்த ஜடை, ஆழ்ந்த கண்கள். சமையலறை ஜன்னல்மேல் மௌனமாக அமர்ந்து நம்மை உற்றுப் பார்த்தார். நாம் மெய்ம்மறந்து நிற்கையில் ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மரத்திலேறி மறைந்தார். இவர்தாம் சிங்கவால் குரங்கு. சோலைமந்தி என்பதும் இவரே. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று ராஜ்யங்களின் மலைக்காடுகளைத் தவிரப் பூமியில் இந்த இனத்துக்கு வேறு வீடு கிடையாது. மரத்தை விட்டுத் தரையில் இறங்காமலே வாழ வேண்டியது இதன் சுபாவம். காடு துண்டாகி, நடுவே சாலையும் போட்ட பிறகு பாவம், என்ன செய்யும்? புதுத்தோட்டம் பக்கத்தில் சாலையைக் கடக்கும்போது வண்டிகளில் அடிபட்டுச் செத்தன. பின்னர் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கட்டிப் பாலம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். குட்டியை வயிற்றில் சுமந்துகொண்டு ஒரு தாய்க் குரங்கு அதன்மேல் நடந்து போனதைக் கீழே நின்று பார்த்தோம். கையிலுள்ள வறுவல் பொட்டலத்தைக் காட்டி அதைக் கீழே கூப்பிட்டுக்கொண்டிருந்தார் காரில் வந்த ஒரு பெரிய மனிதர். என்ன சொல்வது! அவருக்கு வாத்தியார் இல்லாமற் போனது யாருடைய குற்றமோ?

இந்தச் சிறிய உபத்திரவங்களெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். மலை நமக்கு உண்மையாகப் பாடம் கற்பித்தது ஒரு யானைக் கூட்டத்தின் மூலமாகத்தான்.

நாம் வந்த முதல் வருஷம் மார்கழி மாதம். ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பிள்ளைகள் எல்லோரும் சத்துணவுக் கூடத்தின் முன்னால் கூடி நிற்கிறார்கள். ஒரு பக்கத்துச் சுவரே இல்லை. அரிசி மூட்டை கிழிந்து கிடக்கிறது. தரையெல்லாம் பருப்பு. சமையற்கார அம்மாள் இடிந்த சுவரின் செங்கற்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். நம்மைக் கண்டதும், “ராத்திரி ஆனை வந்துட்டுப் போயிருக்கு ஸார். அரிசி, உப்பு ஒண்ணையும் மிச்சம் வைக்கலை. ஆனா பாத்திரத்தை ஒண்ணும் பண்ணலை, பாவம்!” என்றாள்.

சுவரை இடித்த பிராணிக்குப் ‘பாவம்’ என்று பரிந்து பேசியதைக் கேட்டு நமக்குக் கோபம் வந்தது. “பிள்ளைகளுக்கு மத்தியானம் என்ன போடப் போகிறாய்?” என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம்.

“எங்க வீட்டிலே கொஞ்சம் அரிசி இருக்கு, கொண்டாந்துடறேன். அதுக்கும் குட்டி இருக்குதே ஸார், அது எங்கே போகும்?” என்றாள் அந்த அம்மாள். அவளுடைய தாத்தா காலத்தில் அவர்கள் குடும்பம் மலையேறி வந்ததாம். யானை எப்போது வந்தது என்று அவள் கேட்கவில்லை. தாங்கள் பின்னால் வந்தவர்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அது எங்கே போகும் என்ற கேள்வியை நாம் அன்று வீட்டுக்குக் கொண்டுபோனோம். விசாரிக்க விசாரிக்க விஷயம் விளங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு, பம்பாயில் கப்பல் கட்டுவதற்கென்று வெட்டிக் கொண்டு போகப்பட்டது. பிறகு 1890-களில் கார்வர் மார்ஷ் முதலான வெள்ளைக்காரத் துரைமார்கள் வால்பாறைப் பக்கத்துக் காட்டை அழித்துத் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். காட்டை வெட்டியது துரைமார்களின் கையல்ல. கங்காணிகள் ஆசை வார்த்தை காட்டிச் சமவெளியிலிருந்து அழைத்து வந்த ஏழைத் தமிழர்களின் கை. குளிரிலும் காய்ச்சலிலும் அட்டைக்கடியிலும் அவர்கள் பட்ட பாட்டை, 1940-களில் இம்மலைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்த பி. எச். டேனியல் தமது ‘ரெட் டீ’ என்ற நாவலில் எழுதினார். 1969-ல் வெளிவந்த அந்நூலை ‘எரியும் பனிக்காடு’ என்று இரா. முருகவேள் தமிழாக்கியிருக்கிறார். மலைக்கு உல்லாசப் பிரயாணம் வருகிறவர்கள் பெட்டியில் கம்பளியோடு அந்தப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு வருவது நல்லது. பார்த்து மகிழும் பச்சைக் கம்பளத்தை நெய்தவர்கள் யார் என்று தெரியும்.

காடு போயிற்று, ஆனால் யானையின் ஞாபகம் போகவில்லை. நடுஆறு, சோலையாறு இவற்றின் கரைகளில் மிஞ்சிய மரங்களின் மறைவிலே அதன் பாட்டனும் முப்பாட்டனும் போன வழியிலேதான் அது இன்றும் போகிறது. பகலெல்லாம் ஒரு துண்டுச் சோலையில் தங்கும். இருட்டிய பின் தேயிலையினூடே நடந்து அடுத்த சோலைக்குப் போகும். தேயிலையை யானை தின்பதில்லை. வழியிலே தொழிலாளர் லயங்களும் ரேஷன் கடைகளும் பள்ளிச் சத்துணவுக் கூடங்களும் இருக்கின்றன. அரிசியின் வாசனையும் உப்பின் ருசியும் அதற்குத் தெரிந்துவிட்டன. முக்கியமாக மார்கழி, தை, மாசி மாதங்களில் நடமாட்டம் அதிகம்.

இதில் நம்மைத் திடுக்கிட வைத்த செய்தி ஒன்று. யானையால் இந்த மலையில் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர், யானை வீட்டைத் தாக்கியபோது இறந்தவர்கள் அல்லர். அது அங்கே இருப்பது தெரியாமல், இருட்டில் பாதையில் நடந்துபோய் எதிர்ப்பட்டவர்கள். வேலை முடிந்து திரும்பியவர், கடைக்குப் போய் வந்தவர் இத்தகையவர்களே. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற ஸ்தாபனத்தைச் சேர்ந்த எம். ஆனந்தகுமார் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் வருஷக்கணக்காக யானைகளின் பின்னால் அலைந்து இதைக் கண்டறிந்தார்கள். அவர்கள் செய்த பரிகாரம் வெகு எளிது. அகழி வெட்டவில்லை, மின்வேலி போடவில்லை. யானை எங்கே இருக்கிறது என்பதை ஜனங்களுக்குச் சொல்லிவிட்டார்கள்! அவ்வளவுதான்.

மாலையானால் உள்ளூர்த் தொலைக்காட்சியில் எந்தத் தோட்டத்தில் யானை நிற்கிறது என்று எழுத்து ஓடும். 2011 முதல் கைத்தொலைபேசிக்கே குறுஞ்செய்தி வரலாயிற்று. முக்கியமான திருப்பங்களில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்கு வைத்தார்கள். பக்கத்தில் யானை இருப்பதைக் கண்டவர்களில் அதற்கென்று பொறுப்பேற்றவர் தம் தொலைபேசியிலிருந்தே அதை ஏற்றிவிடலாம். வெகு தூரத்திலிருந்தே சிவப்பு தெரியும். நடந்து வருகிறவர் நின்றுவிடுவார். உயிர்ச்சேதம் முன்னைக்கு வெகுவாகக் குறைந்தது. 2015-ல் ஆனந்தகுமாருக்கு இங்கிலாந்தில் விட்லி விருது கொடுத்துக் கௌரவித்தார்கள். அண்டை வீட்டுக்காரர் எப்போது வெளியே போகிறார், எப்போது வருகிறார் என்று தெரிந்து வைத்துக்கொள்வது கிராமத்தில் சகஜம். அதையே யானை விஷயத்தில் செய்ததற்கு விருது! கிடைக்க வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் இரவுகள் மாறின. “ஆற்றோரம் ஏழு யானைகள்” என்று செய்தி வந்தால், குழந்தை படிப்பதை நிறுத்திவிட்டு, “குட்டி இருக்கிறதா அப்பா?” என்று கேட்பாள். அதே இருட்டுத்தான், அதே சத்தங்கள்தான். ஆனால் கேளையாடு குரைத்தால் இப்போது பயம் வருவதில்லை, சமாசாரம் வருகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தால் நல்ல தூக்கம். சமவெளி நண்பர்கள் பொறாமைப்படும் சாந்தி என்பது இதுதான் போலும் என்று நினைத்தோம்.

மாசி, பங்குனியில் இருவாய்ச்சிப் பறவைகள் கூடு கட்டுகின்றன. கட்டுவதாவது! பெரிய மரத்தின் பொந்துக்குள் பெண் பறவை புகுந்துகொண்டு, மூக்கு நீட்ட மட்டும் இடம் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். சில மாதங்களுக்கு உள்ளேயே வாசம். ஆண் பறவை காடெல்லாம் சுற்றி அத்திப்பழம் பொறுக்கி வந்து, தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டும். அது பறந்து வரும் சிறகொலி தூரத்தில் புகைவண்டி வருவது போலக் கேட்கும். நம் இல்லத்தரசி இதைப் பார்த்துவிட்டு, “அந்தப் பறவை ஒரு நாளாவது பழத்தில் உப்புக் குறைகிறது என்று சொல்கிறதா, பாருங்கள்!” என்றாள். நாம் வேறு மரத்தைப் பார்க்கலானோம். ஒன்று மட்டும் உண்மை. அந்த மரத்தை வெட்டிவிட்டால் அடுத்த வருஷம் அந்தத் தம்பதிக்கு இடமில்லை. தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகளில் காட்டு மரக் கன்றுகளை வளர்த்து நடும் வேலை சுமார் 25 வருஷமாக நடந்து வருகிறது. அந்தக் கன்றுகளில் பொந்து விழுவதைப் பார்க்க நாம் இருக்கமாட்டோம்.

இங்கே நிறுத்திவிட்டால் கட்டுரை இனிமையாக முடியும். ஆனால் விலையைப் பற்றியும் சொல்வதாக ஆரம்பத்தில் வாக்களித்திருக்கிறோம்.

2025-ம் வருஷம் ஜூன் மாதம், வால்பாறைத் தோட்டமொன்றில், லயத்து வீட்டின் அருகே விளையாடிக்கொண்டிருந்த நான்கு வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. பெற்றோர் ஜார்க்கண்டிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். நம் பிள்ளைகள் படித்துப் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். தேயிலை பறிக்க இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஏழைகள் வருகிறார்கள். நூறு வருஷத்துக்கு முன் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களைப் போலவே பாஷை தெரியாத மலைக்கு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. தமிழில் வரும் எச்சரிக்கை அவர்களுக்குப் புரிவதில்லை.

அந்த வாரம் நம் வகுப்பில் யாரும் உரக்கப் படிக்கவில்லை. வீட்டில் இல்லத்தரசி ஒரு வார்த்தையும் பேசாமல் காகிதத்தையும் பேனாவையும் நம் முன்னால் வைத்தாள். சமவெளிக்கு மாற்றல் வேண்டி மனு எழுதினோம்.

எழுதும்போது ஒன்று உறுத்திற்று. நம் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே கழிப்பிடம் இருக்கிறது. வாசலில் விளக்கு எரிகிறது. இரவில் சிறுத்தை நம் சுவரோரம் போனாலும் நமக்கு அது ஒரு சுவாரசியமான செய்தி. லயத்துப் பெண்ணுக்கோ, வாசற்படியிலிருந்து பத்தடி தள்ளிப் புதர் மண்டியிருக்கிறது. கழிப்பிடத்துக்கு இருட்டில் நடக்க வேண்டும். இறைச்சிக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டுவதால் நாய் வருகிறது, நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது. புதரை வெட்டுவதும், விளக்குப் போடுவதும், கழிவை அகற்றுவதும், அந்திக்குப் பின் குழந்தைகளை வெளியே விடாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிப்பதும் பெரிய வித்தையல்ல, பெருஞ் செலவுமல்ல. இருந்தும் லயத்துக்கு லயம் இது நடந்தபாடில்லை. மலையின் சாந்தியை நாம் அனுபவிக்கிறோம். அதன் பயத்தை அவர்கள் நம் பங்குக்கும் சேர்த்து அனுபவிக்கிறார்கள். நாம் மாற்றலாகிப் போய்விட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடுமா? மனுவை மேஜை அறையில் வைத்தோம். இன்னும் அங்கேதான் இருக்கிறது. கிழிக்கவுமில்லை, அனுப்பவுமில்லை. நாமும் மூத்த மாணவர்களும் சேர்ந்து எச்சரிக்கைகளை ஹிந்தியில் எழுதி லயங்களில் ஒட்டி வருகிறோம். நம் ஹிந்தி இலக்கண சுத்தமானதல்ல. சிறுத்தை அதைப் பற்றிக் குறை சொல்லாது என்று நம்புகிறோம்.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மாலை வால்பாறைக் கடைத்தெருவிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். இருட்டி வெகு நேரமாகவில்லை. திருப்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிரைவர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை நிறுத்தி விளக்கையும் அணைத்தார். “யாரும் சத்தம் போடாதீங்க” என்று கண்டக்டர் மெல்லிய குரலில் சொன்னார். முன் பெஞ்சியில் வடக்கத்தி ஸ்திரீ ஒருத்தி மடியிலிருந்த குழந்தையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பின்னர், பொத்த வேண்டியதில்லை என்று தெரிந்து கையை எடுத்துவிட்டாள். குழந்தையும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் தேயிலைச் செடிகள் அசைந்தன. பிறகு இருட்டிலிருந்து ஓர் இருட்டுத் துண்டு பிரிந்து சாலைக்கு வந்தது. தலைவி போலும், சாலை நடுவில் நின்று துதிக்கையைத் தூக்கி நம் பக்கம் மோப்பம் பிடித்தது. பஸ்ஸில் இருந்தவர் சுமார் நாற்பது பேர். ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்டது. பதினோரு வருஷத்தில் அவ்வளவு நிசப்தத்தை நாம் கேட்டதில்லை. அது நகர்ந்தது, பின்னாலே இன்னும் மூன்று, கடைசியில், அவற்றில் ஒன்றின் கால்களுக்கிடையே இடறிக்கொண்டு ஒரு குட்டி. ஆற்றோரச் சோலையில் கிளை முறியும் சத்தம் கேட்ட பிறகும் டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் விளக்கைப் போட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் காலையில் நான்கு பையன்கள் முதல் மணி அடித்து அரை மணி நேரம் கழித்து வந்து வாசலில் நின்றார்கள். ஏன் தாமதம் என்று கேட்டோம்.

“பாதையிலே ஆனை ஸார்.”

சமவெளிப் பள்ளிக்கூடத்தில் பாட்டி இறந்துவிட்டாள் என்பார்கள். ஒரே பாட்டி வருஷத்தில் மூன்று தடவை இறப்பதும் உண்டு. வாத்தியார் புத்தி எங்கே போகும்? “எத்தனை?” என்றோம்.

“அஞ்சு ஸார். அதிலே ஒண்ணு குட்டி.”

கணக்கு சரியாக இருந்தது. நால்வருக்கும் வருகை குறித்துக்கொண்டு, உள்ளே போய் உட்காரச் சொன்னோம்.